ஒற்றைத் தடமும் ஆறு தடங்களும்: கொங்குநாட்டுப் படங்களின் ஒலி டிவிடிக்கு வந்து சேர்ந்த வரலாறு

1944 தீபாவளிக்கு வெளியான 'ஹரிதாஸ்' கோவை சென்ட்ரல் ஸ்டுடியோவில் எடுக்கப்பட்ட படம். சென்னை பிராட்வே தியேட்டரில் அது மூன்று தீபாவளி கண்ட கதை ஊரறிந்தது. எம்.கே. தியாகராஜ பாகவதரின் குரல், பக்கவாத்தியங்கள், வசனம், காலடி ஓசை என அந்தப் படத்தில் காதுக்குக் கேட்பதெல்லாம் பிலிமின் ஓரத்தில் ஓடும் ஒரே ஒரு கோட்டுக்குள் அடங்கியவை. இடப்பக்கம், வலப்பக்கம் என்ற பேச்சே அதில் கிடையாது. அப்படியிருக்க, அந்தக் காலத்துப் படம் ஒன்றின் டிவிடி உறையில் '5.1 சரவுண்ட்' என்று அச்சிட்டிருந்தால், மீதி ஐந்து தடங்கள் எங்கிருந்து முளைத்தன?

இக்கட்டுரை இந்தக் கேள்வியைப் பின்தொடர்ந்து செல்கிறது. கோவையிலும் சேலத்திலும் ஒற்றைத் தடத்தில் பதிவான ஒலி, ஸ்டீரியோவாகி, ஆறு தடமாகி, கடைசியில் வட்டுக்குள் அடைபட்ட வழியை இங்கே வரிசைப்படுத்துகிறேன். என் முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஆறு தடமாக்கி விற்பதில் தவறில்லை. ஆனால் மூலமான ஒற்றைத் தடத்தையும் அதே வட்டில் கூடவே தந்திருக்க வேண்டும். அதற்கு இடம் இருந்தது, வசதியும் இருந்தது. பெரும்பாலும் செய்யாமல் விட்டார்கள்.

சிங்காநல்லூரிலும் சேலத்திலும்

கோவையின் சினிமா வரலாறு சாமிக்கண்ணு வின்சென்டிடம் தொடங்குகிறது. ரயில்வேயில் எழுத்தராக இருந்த அவர், 1905-ல் துபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் படம் காட்டும் கருவியையும் சில துண்டுப் படங்களையும் விலைக்கு வாங்கி, ஊர் ஊராகக் கூடாரம் போட்டார். 1914-ல் அவர் கோவையில் கட்டிய வெரைட்டி ஹால் பின்னாளில் டிலைட் தியேட்டர் ஆனது. அந்தச் சாலையை இன்றும் வெரைட்டி ஹால் ரோடு என்றுதான் சொல்கிறோம். ஊமைப்பட நாளில் ஒலி திரைக்கு வெளியே இருந்தது. கதை சொல்கிறவர் குரல் கொடுப்பார், பக்கத்தில் வாத்தியம் வாசிப்பார்கள். 1931 அக்டோபர் 31 அன்று சென்னையில் வெளியான 'காளிதாஸ்' தமிழ்க் குரலைத் திரைக்குள்ளே கொண்டுவந்தது. 1933-ல் வின்சென்ட் கல்கத்தாவின் பயனியர் கம்பெனியோடு சேர்ந்து, டி.பி. ராஜலட்சுமி நடித்த 'வள்ளி திருமணம்' படத்தை எடுத்தார்.

கல்கத்தாவுக்கும் பம்பாய்க்கும் ரயிலேறிப் போய்ப் பேசும்படம் எடுத்த காலம் நீண்ட நாள் நீடிக்கவில்லை. 1930-களின் நடுவில் கோவை சிங்காநல்லூரில் சென்ட்ரல் ஸ்டுடியோ எழுந்தது; சேலம் ஏற்காடு சாலையில் டி.ஆர். சுந்தரத்தின் மாடர்ன் தியேட்டர்ஸ் எழுந்தது. 1945-ல் எஸ்.எம். ஸ்ரீராமுலு நாயுடு கோவையில் பட்சிராஜா ஸ்டுடியோவைத் தொடங்கினார். முசிறி சுப்பிரமணிய ஐயர் நடித்த 'துக்காராம்' (1938), பி.யு. சின்னப்பா இரட்டை வேடமிட்ட 'உத்தமபுத்திரன்' (1940), எம்.ஜி.ஆர். முதன்முதலாகக் கதாநாயகன் ஆன 'ராஜகுமாரி' (1947), 'மந்திரிகுமாரி' (1950), நாமக்கல் கவிஞரின் கதையிலிருந்து வந்த 'மலைக்கள்ளன்' (1954), தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956) என இந்த மூன்று ஸ்டுடியோக்களின் பட்டியல் நீளமானது. மலையாளத்தின் முதல் பேசும்படமான 'பாலன்' (1938) பேசியதும் சேலத்தில்தான். தென்னிந்தியப் பேசும்படத்தின் குரல் கணிசமான அளவு கொங்குநாட்டில் பதிவானது.

எப்படிப் பதிவானது என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும், ஏனென்றால் பின்னால் வரும் சிக்கல் எல்லாம் அங்கே வேர்விட்டது. மைக் பிடித்த ஒலி மின்னோட்டமாகி, ஒளியின் அளவைக் கூட்டிக் குறைத்து, பிலிமின் ஓரத்தில் ஒரு கோடாகப் படிந்தது. தியேட்டரில் அந்தக் கோட்டின் வழியே விளக்கொளி பாய்ந்து, மறுபுறமிருந்த ஒளிமின்கலம் அதை மறுபடி ஒலியாக்கியது. பிலிமின் துகளும் கீறலும் 'உஸ்' என்ற இரைச்சலாகக் கேட்கும். அதை அமுக்கத் தியேட்டர்களில் உயர் சுருதி ஒலியை வேண்டுமென்றே குறைத்தார்கள். 1938-ல் அமெரிக்காவில் வகுத்த அகாடமி அளவுகோல்படி 8,000 ஹெர்ட்ஸை எட்டும்போது ஒலி 18 டெசிபல் அளவுக்குத் தணிந்துவிடும். அந்தக் காலத்துப் பாட்டில் தாளத்தின் கிணுகிணுப்பு நம் காதுக்கு மங்கலாகப் படுவதற்கு இது ஒரு காரணம்.

தொடக்க காலப் பேசும்படங்களில் நடிகர் கேமரா முன்னால் நின்று தாமே பாடினார். வாத்தியக்காரர்கள் கேமரா கண்ணுக்குப் படாமல் மறைந்திருந்து வாசித்தார்கள். 1938-ல் 'நந்தகுமார்' பின்னணிப் பாட்டைக் கொண்டுவந்த பிறகும் பாடகரும் வாத்தியக்குழுவும் ஒரே அறையில் ஒரே நேரத்தில்தான் பதிவு செய்தார்கள். யார் மைக்குக்கு எவ்வளவு தள்ளி நிற்பது என்பதே அன்றைய 'மிக்சிங்'. வயலின்காரர் ஓரடி பின்னால் நகர்ந்தால் அதுதான் அவர் சத்தத்தைக் குறைக்கும் வழி. அந்தச் சமநிலையை அப்புறம் யாரும் பிரித்தெடுக்க முடியாது. குரலும் வாத்தியமும் பாலும் தண்ணீருமாகக் கலந்து ஒரே கோட்டில் உறைந்துவிட்டன.

'காளிதாஸ்' வெளியான அதே 1931-ல், டிசம்பர் 14 அன்று, ஆலன் பிளம்லைன் என்ற ஆங்கிலப் பொறியாளர் இரு தடங்களில் ஒலியைப் பதியும் ஸ்டீரியோ முறைக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். தமிழ்ப்படம் பேசத் தொடங்கியதும் ஸ்டீரியோ பிறந்ததும் ஒரே ஆண்டில், ஒன்றரை மாத இடைவெளியில் நடந்தன. இரண்டும் சந்திக்க ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஆனது.

ஸ்டீரியோ முதலில் கேசட்டில் வந்தது

தமிழில் பாடல்கள் ஸ்டீரியோவில் பதிவான முதல் படமாக அறியப்படுவது இளையராஜா இசையமைத்த 'ப்ரியா' (1978). அந்த ஸ்டீரியோவைக் கேட்டது தியேட்டர் ரசிகர் அல்லர்; இசைத்தட்டு வைத்திருந்தவரும் டேப் ரெக்கார்டர் வைத்திருந்தவரும்தான். தியேட்டரில் அதே பாட்டு பழைய ஒற்றைக் கோட்டிலிருந்து ஒலித்தது. ஒரே பாட்டுக்கு வீட்டில் ஒரு வடிவம், தியேட்டரில் ஒரு வடிவம் என்ற பிளவு இங்கே தொடங்குகிறது.

கொங்குநாட்டில் ஸ்டீரியோவைப் பரப்பியதில் ரெக்கார்டிங் சென்டர்களுக்கும் தனியார் பேருந்துகளுக்கும் பெரிய பங்கு உண்டு. பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்து, காலி கேசட்டில் பதிந்து வாங்கி வந்தவர்கள் இதை மறந்திருக்க மாட்டார்கள். பொள்ளாச்சிக்கோ ஈரோட்டுக்கோ போகிறவர்கள் 'பாட்டு வண்டி'க்காக ஒரு வண்டியை விட்டுவிட்டு அடுத்த வண்டிக்குக் காத்திருந்ததும் உண்டு. இதற்கு நேர் எதிர் ஊர்த் திருவிழாவில் கட்டும் ரேடியோ செட். கூம்பு ஸ்பீக்கருக்கு இரண்டு தடம் கிடையாது. ஆம்ப்ளிஃபயரிலிருந்து வருவது ஒன்றே. ஆக 1980-களின் கொங்குக் காது ஒரே பாட்டைப் பேருந்தில் இரண்டாகவும் கோயில் வாசலில் ஒன்றாகவும் கேட்டுப் பழகியது.

திரையரங்குக்கு ஸ்டீரியோ வந்தது 70 எம்.எம். வழியாக. ரஜினிகாந்த் நடித்த 'மாவீரன்' (1986) ஸ்டீரியோ ஒலியோடு 70 எம்.எம்.மில் வந்த முதல் தமிழ்ப்படம். 70 எம்.எம். பிலிமில் ஆறு காந்தத் தடங்கள் உண்டு. கருவி இல்லாத தியேட்டர்களுக்குச் சாதாரண 35 எம்.எம். பிரதியே போயிற்று. காந்தப் பூச்சு காலத்தோடு உதிர்வது. அதைத் தனியாகப் படியெடுத்து வைக்காத படங்களின் ஆறு தட ஒலி பிரதியோடு சேர்ந்து அழிகிறது. பின்னாளில் வீடியோவுக்கு மாற்றும்போது கைக்குக் கிடைப்பது பெரும்பாலும் 35 எம்.எம். பிரதியின் ஒற்றைக் கோடுதான்.

அடுத்த திருப்பம் 1995, 1996. பி.சி. ஸ்ரீராம் இயக்கிய 'குருதிப்புனல்' டால்பி ஸ்டீரியோவுக்கு வந்தது. 'கறுப்பு ரோஜா' டி.டி.எஸ். ஒலியைக் கொண்டுவந்தது. சென்னையின் ரியல் இமேஜ் நிறுவனம் டி.டி.எஸ்.ஸை இந்தியாவில் அறிமுகப்படுத்தியது. எச். ஸ்ரீதர் போன்ற ஒலிப்பொறியாளர்கள் இந்தக் கருவிகளைக் கலையாக்கினார்கள். 'மகாநதி', 'தில் சே', 'லகான்', 'கன்னத்தில் முத்தமிட்டால்' ஆகிய படங்களுக்குத் தேசிய விருது பெற்ற அவர் 2008-ல் காலமானார். தமிழ்ப்பட ஒலியின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இயக்குநருக்கும் இசையமைப்பாளருக்கும் தரும் பக்கங்களில் பாதியையாவது இவருக்குத் தர வேண்டும் என்பது என் கருத்து.

டால்பி ஸ்டீரியோவும் டி.டி.எஸ்.ஸும் செயல்படும் விதம் வேறு வேறு. டால்பி ஸ்டீரியோவில் பிலிம் ஓரத்தில் இருப்பவை இரண்டே கோடுகள். அவற்றுக்குள் இடம், நடு, வலம், பின்புறம் என நான்கு தடங்களை மடித்து வைத்திருப்பார்கள். இரண்டு கோட்டிலும் ஒரே மாதிரி இருப்பது நடு ஸ்பீக்கருக்குப் போகும். ஒன்றுக்கொன்று எதிர்க்கட்டத்தில் இருப்பது பின் ஸ்பீக்கருக்குப் போகும். எளிமையாகச் சொன்னால், இரண்டையும் கூட்டினால் நடு, ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் பின்புறம். இந்தக் கழித்தல் கணக்கை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கட்டுரையின் பிற்பகுதியில் இதுவே நமக்குச் சாட்சி சொல்லப் போகிறது. டி.டி.எஸ்.ஸில் ஒலி பிலிமிலேயே இல்லை. பிலிமில் ஒரு நேரக்குறி மட்டும் ஓடும். ஒலி தனி வட்டுகளில் இருக்கும். படப்பெட்டியோடு அந்த வட்டுகளும் வந்தாக வேண்டும். நேரக்குறி தவறினால் ஒலி தானாகப் பழைய கோட்டுக்குத் தாவும்; படம் நடுவில் சட்டென்று சத்தம் சுருங்கியதை நம்மில் பலர் அனுபவித்திருக்கிறோம். அந்த ஆண்டுகளில் கோவை, திருப்பூர், ஈரோடு போஸ்டர்களில் தியேட்டர் பெயருக்குப் பக்கத்தில் 'ஏ.சி., டி.டி.எஸ்.' என்று போடுவதே ஒரு விளம்பரம். நடிகர் பெயருக்கு நிகராக ஒலிக்கருவியின் பெயர் டிக்கெட் விற்றது.

வட்டுக்குள் நடக்கும் பங்கீடு

வீட்டுக்கு முதலில் வந்த வட்டு விசிடி. அதில் ஒலிக்கு ஒதுக்கியது நொடிக்கு 224 கிலோபிட், ஸ்டீரியோ மட்டும். டிவிடி 1996-ல் ஜப்பானில் வெளிவந்தது. 4.7 ஜிகாபைட் கொள்ளளவு, எட்டு ஒலித்தடங்கள் வரை வைத்துக்கொள்ளும் வசதி, 5.1 என்ற ஆறு தட ஒலி எல்லாம் அதன் சிறப்புகள். முன்னால் இடம், வலம், நடு. பின்னால் இடம், வலம். ஆழ்ந்த முழக்கத்துக்கென ஒரு தடம்: இந்தக் கடைசித் தடத்தைத்தான் '.1' என்று எழுதுகிறார்கள்.

டிவிடி தயாரிப்பில் படம், ஒலி, எழுத்து ஆகியவற்றைக் கோத்து வட்டாக்கும் வேலைக்கு ஆதரிங் என்று பெயர். இதைச் செய்கிறவரின் மேசையில் நடப்பது பாகப்பிரிவினை. 165 நிமிடத் தமிழ்ப்படம் ஒன்றை 4.7 ஜிகாபைட்டில் அடக்கினால், நொடிக்குச் சராசரியாக 3.8 மெகாபிட் கிடைக்கும். இதற்குள்தான் படமும் ஒலியும் குடித்தனம் நடத்த வேண்டும். முழுத் தரமான டி.டி.எஸ். நொடிக்கு 1.5 மெகாபிட் கேட்கும். அதாவது மொத்தத்தில் 40 சதவீதத்தை ஒலி மட்டுமே விழுங்கிவிடும், படம் கட்டம் கட்டமாக உடையும். டால்பி டிஜிட்டல் 5.1-க்கு டிவிடியில் உச்சவரம்பு 448 கிலோபிட். அது 12 சதவீதம். டால்பியின் இரு தட ஸ்டீரியோவுக்கு 192 கிலோபிட் போதும். அது 5 சதவீதம். ஒரே வட்டில் மூன்று படம் என்று விற்றவற்றில் ஒரு படத்துக்குக் கிடைத்த பங்கு எவ்வளவு என்பதை வாசகரே கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

டி.டி.எஸ். டிவிடியில் கட்டாயத் தடம் அல்ல. அது இருந்தாலும் டால்பி டிஜிட்டல் அல்லது பி.சி.எம். தடம் ஒன்று கூடவே இருந்தாக வேண்டும் என்பது விதி, ஏனென்றால் டி.டி.எஸ்.ஸைப் படிக்கத் தெரியாத பிளேயரில் வெறும் மௌனம்தான் வரும். தமிழ் டிவிடிக்கு முதலில் பெரிய சந்தை கொடுத்தது லண்டன், கனடா, சிங்கப்பூர் போன்ற வெளிநாட்டுத் தமிழ் வீடுகள். லண்டனிலிருந்து இயங்கிய ஐங்கரன் இன்டர்நேஷனல் அதில் முன்னணியில் நின்றது. 2007-ல் மோசர் பேர் நிறுவனம் 28 ரூபாய்க்கு விசிடியும் 34 ரூபாய்க்கு டிவிடியும் விற்க வந்தபோது, வட்டு மளிகைக்கடை வரை போயிற்று.

இந்தியாவின் தொலைக்காட்சி பால் முறையைச் சேர்ந்தது. நொடிக்கு 25 சட்டம். சினிமாவுக்கு 24. பால் முறையில் வட்டு செய்தால் படம் 4 சதவீதம் வேகமாக ஓடும். 165 நிமிடப் படம் 158 நிமிடத்தில் முடியும். திருத்தம் செய்யாவிட்டால் பாட்டின் சுருதியும் ஏறும். ஏற்றம் ஏறக்குறைய அரைக் கட்டையில் 70 சதவீதம். பாகவதரின் குரல் அப்படி ஏறிக் கேட்டால், அது அவர் பாடிய சுருதி இல்லை. தமிழ் டிவிடிகளில் பெரும்பாலானவை, படத்தின் வேகத்தைக் கூட்டாத என்.டி.எஸ்.சி. முறையில் வந்ததால் இந்தக் கெடுதி நேரவில்லை. வெளிநாட்டுச் சந்தைக்காகச் செய்த தேர்வு நம் ராகங்களைக் காப்பாற்றியது.

'பேச்சு கேக்க மாட்டேங்குதுங்க'

வட்டில் ஆறு தடம் இருந்தது. வீட்டில் இரண்டு ஸ்பீக்கர்கூட இல்லை. மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயர்களில் சிவப்பைச் செருக ஓட்டை இல்லாத டிவிகள் எத்தனையோ. கொங்குநாட்டு டிவிடி கடைகளில் அடிக்கடி கேட்ட குறை இது: "பேச்சு கேக்க மாட்டேங்குதுங்க, பாட்டு மட்டும் காதைப் பொளக்குதுங்க."

குறை நியாயமானது. ஆறு தடத்தை இரண்டாக மடிக்கும் வேலையைப் பிளேயரே செய்கிறது. வசனம் இருக்கும் நடுத்தடத்தை 3 டெசிபல் குறைத்து இரு பக்கமும் பங்கிடும், பின்தடங்களையும் குறைத்து முன்னால் சேர்க்கும், '.1' தடத்தை வழக்கமாக விட்டுவிடும். இத்தோடு, வசனத்தின் அளவைக் குறிக்கும் ஓர் எண் டால்பி தடத்தில் உண்டு. கருவி தானாக எடுத்துக்கொள்ளும் எண் கழித்தல் 27. அதை யாரும் கவனிக்காமல் விட்டால் பிளேயர் மொத்த ஒலியையும் 4 டெசிபல் தணித்துவிடும். இன்னொரு நுட்பமும் உண்டு: தியேட்டரில் பின் ஸ்பீக்கர்களை முன்னதைவிட 3 டெசிபல் குறைவாகவே அமைப்பார்கள், அதற்கு ஈடாக ஒலியைச் சற்று ஏற்றிப் பதிவார்கள். தியேட்டர் கலவையை அப்படியே வட்டில் போட்டால் வீட்டில் பின்பக்கம் மிஞ்சும். குறியாக்கும் கருவியில் இதைச் சரிசெய்ய ஒரு தேர்வு இருக்கிறது. இருந்தும், தியேட்டர் கலவையை அப்படியே தள்ளிவிட்டு அடுத்த படத்துக்குப் போகும் அவசரத்தில் வசனம் பலியானது.

ஸ்டீரியோவுக்கென்றே தனிக் கலவை செய்து, 5 சதவீத இடத்தில் இரண்டாம் தடமாக வைத்திருந்தால் இந்தப் பாடு இல்லை. சில நிறுவனங்கள் வைத்தன. வைத்தவர்களிலும் பலர் ஆறு தடத்தை முதல் தடமாகப் போட்டார்கள். ரிமோட்டில் 'ஆடியோ' பொத்தான் எதற்கென்று தெரியாத வீட்டில் முதல் தடம்தான் விதி.

இந்த இடைவெளியை நம் ஊர் ஆம்ப்ளிஃபயர் கட்டுகிறவர்கள் தம் வழியில் நிரப்பினார்கள். 4440 ஐ.சி., ப்ரோலாஜிக் போர்டு, எட்டு அங்குல ஊஃபர், பிளைவுட் பெட்டி என்று அவர்கள் கட்டித் தந்த செட்டுகள் விசைத்தறிக் கூடத்திலும் டீக்கடையிலும் ஒலித்தன. ப்ரோலாஜிக் போர்டு செய்வது முன்பு சொன்ன அதே கணக்கு: கூட்டினால் நடு, கழித்தால் பின்புறம். காதும் சால்டரிங் அயர்னும் கொண்டு அந்தக் கைவினைஞர்கள் டால்பியின் கணிதத்தைக் கொங்கு வீடுகளுக்குள் கொண்டுவந்தார்கள். ஒலி வரலாற்றில் அவர்களுக்கு உரிய இடத்தை நாம் இன்னும் தரவில்லை.

கழித்தால் என்ன மிஞ்சும்?

இப்போது தொடக்கக் கேள்விக்கு வரலாம். பழைய மோனோ (ஒற்றைத் தட) படத்தை அந்த ப்ரோலாஜிக் செட்டில் போட்டால் பின் ஸ்பீக்கர்கள் ஊமையாகிவிடும். இடமும் வலமும் ஒன்றே என்பதால் கழித்தால் மிஞ்சுவது சுழியம். வாங்கியவர் 'செட்டு ரிப்பேர்' என்று நினைப்பார். செட் உண்மையைச் சொல்கிறது என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. சந்தைக்கு இந்த மௌனம் பிடிக்கவில்லை. எனவே ஒற்றைத் தடத்தையே நகலெடுத்து, சில மில்லி நொடி தாமதித்து, எதிரொலி கூட்டி, பின் தடங்களில் நிரப்பினார்கள். கீழ்ச்சுருதியை வடிகட்டி '.1' தடத்தில் ஊற்றினார்கள். மீதி ஐந்து தடங்கள் இப்படித்தான் முளைத்தன.

உலகுக்கு இது புதிதல்ல. 1960-களில் கேபிடல் நிறுவனம் 'டுவோபோனிக்' என்ற பெயரில் மோனோ இசைத்தட்டுகளைப் போலி ஸ்டீரியோவாக்கி விற்றது. சேகரிப்பாளர்கள் அவற்றை ஒதுக்கி, மூல மோனோவைத் தேடி வாங்கினார்கள். 2004-ல் 'முகல்-ஏ-ஆஸம்' வண்ணமாகித் திரும்பி வந்தபோதும், 2012-ல் 'கர்ணன்' புதுப்பொலிவோடு தியேட்டருக்கு வந்து வெற்றி கண்டபோதும் ஒலியைப் பல தடமாக்கினார்கள். தியேட்டரில் நூற்றுக்கணக்கானோர் நடுவே கேட்பதற்கு அந்த உழைப்பு தேவையானதுதான். என் வழக்கு அதோடு அல்ல. மூலத்தை மறைத்துவிட்டுப் போலியை மட்டும் கையில் தரும் வட்டோடுதான்.

போலி ஆறு தடம் மீண்டும் இரண்டு ஸ்பீக்கருக்கு மடியும்போது நேரும் சேதம் பெரிது. ஒரே ஒலியும் 10 மில்லி நொடி தாமதித்த அதன் நகலும் ஒன்றாகச் சேர்ந்தால் 50, 150, 250 ஹெர்ட்ஸ் என்று சீப்பின் பல் போல இடைவிட்டு இடைவிட்டு ஒலி ஒடுங்கும். ஆண் குரலின் கனம் குடியிருப்பதே அந்தப் பகுதியில்தான். கல்லில் அடித்தாற்போல நின்ற குரல் தகர டப்பாவுக்குள் பாடுவதுபோல் ஆகிவிடுகிறது. பேரப்பிள்ளை அதைக் கேட்டுவிட்டு 'அந்தக் காலத்துல இப்படித்தான் பாடுனாங்களா?' என்று கேட்டால், அது அந்தக் காலத்தின் குற்றம் இல்லை.

வட்டு மெய்யா போலியா என்பதை யாரும் வீட்டிலேயே சோதிக்கலாம். வட்டைக் கணினியில் திறந்து, ஒலித்தடத்தைப் பிரித்து, இலவச ஒலித்தொகுப்பு மென்பொருளில் முன் இடத் தடத்தையும் முன் வலத் தடத்தையும் மேலும் கீழுமாக வைக்க வேண்டும். ஒன்றைத் தலைகீழாகத் திருப்பி இரண்டையும் கூட்ட வேண்டும். மெய்யான ஸ்டீரியோ என்றால் ஓரங்களில் இருந்த வயலினும் தபேலாவும் மிஞ்சும். மிஞ்சுவது குறியாக்கத்தின் மெல்லிய முணுமுணுப்பு மட்டும் என்றால் அது மோனோ. பின் தடத்தில் முன் தடத்தின் அலைவடிவமே சற்று நகர்ந்து தெரிந்தால் உறையில் அச்சிட்ட எண் வெறும் அச்சு.

சில படங்களுக்கு இசையும் ஓசையும் வசனமும் தனித்தனி மேக்னடிக் ரோல்களில் பிழைத்திருக்கலாம். மொழிமாற்றத்துக்காக அப்படிப் பிரித்து வைப்பது ஸ்டுடியோக்களின் வழக்கம். 'மலைக்கள்ளன்' போலப் பல மொழிகளில் எடுத்த கதைகளுக்கு உரியவற்றில் இதைத் தேடிப் பார்க்க வேண்டும். அப்படிக் கிடைத்தால் வசனத்தை நடுவிலும் இசையைப் பக்கங்களிலும் வைத்து நாணயமான ஒரு புதுக் கலவை செய்யலாம். 2021-ல் பீட்டர் ஜாக்சனின் பீட்டில்ஸ் ஆவணப்படத்தில் மோனோ டேப்பிலிருந்து குரலையும் கிதாரையும் கணினி கொண்டு பிரித்துக் காட்டினார்கள். நம் படங்களுக்கும் அந்த வசதி வரும். வந்தாலும் அது இன்றைய மனிதரின் கலவையே. 1944-ல் ஒலிப்பதிவாளர் வயலினை ஓரடி தள்ளி நிறுத்திய முடிவு மூலத் தடத்தில் மட்டும்தான் இருக்கும்.

இதே பாடம் சினிமாவுக்கு வெளியே, நம் வீட்டு அலமாரியிலும் இருக்கிறது. கொங்கு வேளாளர் திருமணங்களில் மங்கல வாழ்த்துப் பாடுவது பழைய வழக்கம். ஒவ்வோர் அடி முடிவிலும் மத்தளம் ஒரு தட்டுத் தட்டும். கல்யாண டிவிடிகளில் பல, அந்தக் குரலை அணைத்துவிட்டு மேலே சினிமாப் பாட்டை ஏற்றியிருக்கின்றன. வாழ்த்துப் பாடிய முதியவரின் வாய் அசைகிறது, கேட்பது டூயட். எட்டுத் தடம் வைக்க இடமுள்ள வட்டில் நேரடி ஒலியை இரண்டாம் தடமாக வைத்திருந்தால் ஊருக்கு ஊர் வேறுபடும் வாழ்த்துப் பாடங்களின் பெரிய ஒலிச்சேமிப்பு இன்று நம்மிடம் இருந்திருக்கும். கேமரா டேப் இன்னும் பரணில் கிடந்தால், அதில் அந்தக் குரல் இருக்கும்.

டிவிடியின் நாள் முடிந்துவிட்டது. மோசர் பேர் 2018-ல் திவாலாகிக் கலைப்புக்குப் போயிற்று. ஒலி இப்போது அட்மாஸ் வரை வந்துவிட்டது. 2012 டிசம்பரில் 'சிவாஜி' முப்பரிமாண வடிவம் அதில் வெளியானது. இணையத்தில் பழைய படங்களை ஏற்றுகிறவர்களில் பலருக்கு மூலப்பொருள் அந்தப் பழைய வட்டுகள்தாம். வட்டில் விழுந்த பிழை அங்கேயும் தொடர்கிறது.

ஆகவே இரண்டு வேண்டுகோள். பழைய படங்களை மறுபடி வெளியிடுகிறவர்கள், எத்தனை தடம் வேண்டுமானாலும் செய்யுங்கள்; 'மூல மோனோ' என்று பெயரிட்டு ஒரு தடத்தை அப்படியே வையுங்கள். 165 நிமிடத்துக்கு 238 மெகாபைட் போதும். கோவை, சேலம், ஈரோடு, திருப்பூர்ப் பக்கம் பழைய படப்பெட்டியோ ஒலி நெகட்டிவோ மேக்னடிக் ரோலோ வீட்டிலோ மூடிய தியேட்டரிலோ வைத்திருப்பவர்கள், பெட்டியைத் திறந்து மோந்து பாருங்கள். வினிகர் வாடை அடித்தால் பிலிம் அழியத் தொடங்கிவிட்டது என்று பொருள். 1950-க்கு முந்தைய பிலிம் நைட்ரேட்டாக இருக்கக்கூடும், எளிதில் தீப்பிடிக்கும். வெயிலிலும் அடுப்பருகிலும் வைக்காதீர்கள். எடைக்குப் போடாமல், புனேயிலுள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்.